ட்ரேயை முதலில் வரையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில் பெருகிவரும் தரவு மையங்கள் (டேட்டா சென்டர்கள்) பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை மெகாவாட், எத்தனை கோடி முதலீடு, எத்தனை ஏக்கர் என்று எல்லாம் இருந்தது, படித்தபோது பெருமையாகவும் இருந்தது. ஆனால் அந்தக் கட்டடங்களுக்குள் கேபிள் இழுக்கும் வேலையில் 17 வருடமாக இருப்பவன் என்ற முறையில் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். முதல் ஆறு வருடம் ஏணி மேல் நின்று இழுத்தேன், இப்போது சைட் மேற்பார்வை பார்க்கிறேன். கட்டுரையில் கேபிள் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதற்காக உங்கள் நிருபரைக் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் கட்டுகிறவர்களே அதைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள்.

ஒரு தரவு மையம் கட்டும்போது முதலில் இடம், அப்புறம் மின்சாரம், ஜெனரேட்டர், யுபிஎஸ், பிறகு குளிரூட்டல், தீயணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் டிராயிங் வரும், கூட்டம் நடக்கும். கூரைக்கும், சர்வர்களை அடுக்கி வைக்கிற ரேக்குக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடத்தில் குளிர்நீர்க் குழாய் போகும், தீயணைக்கத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் பைப் போகும், மின்சாரம் கொண்டுபோகும் பஸ்பார் போகும், விளக்கு வரும். எல்லோரும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இருக்கிற சந்துபொந்தில் கேபிள் ட்ரேயை (கேபிள்களைத் தாங்கிப் போகிற நீளமான தட்டு) ஓட்டிக்கொள்ளுங்கள் என்று எங்களை அழைப்பார்கள். அதுவும் திறப்பு விழாவுக்கு ஐந்து வாரமோ ஆறு வாரமோ இருக்கும்போது.

பல வருடங்களுக்கு முன் ஓஎம்ஆர் பக்கம் ஒரு சைட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஹால் பிளானில் கடைசி ரேக்கிலிருந்து நெட்வொர்க் ரேக் வரை நேர்கோட்டில் அளந்தால் 72 மீட்டர். காப்பர் கேபிளுக்கு நிரந்தரமாகப் போடும் பகுதி 90 மீட்டர் வரை போகலாம், இரண்டு முனையிலும் சாதனத்தில் சொருகுகிற பேட்ச் கார்டு என்ற சின்னக் கேபிளுக்குச் சேர்த்து 10 மீட்டர், ஆக மொத்தம் 100 என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித்தருகிற கணக்கு. 72-தானே, தாராளமாக இருக்கிறது என்று வடிவமைத்தவர் விட்டுவிட்டார். நாங்கள் ட்ரே போடப் போனால் நேர் வழியில் குளிர்நீர்க் குழாய் குறுக்கே நிற்கிறது. அதைச் சுற்றி ஒரு தூணையும் சுற்றிப் போனதில் 11 மீட்டர் கூடியது. ரேக் தலையிலிருந்து ட்ரேக்கு ஏறி இறங்குவது இரண்டு பக்கமும் சேர்த்து 5 மீட்டர். நாளைக்கு ஒரு முனையை வெட்டி மறுபடி கட்ட வேண்டி வந்தால் வேண்டுமே என்று சுருட்டி வைக்கிற மிச்சம் பக்கத்துக்கு 3 மீட்டர். கூட்டிப் பாருங்கள், 94 வந்துவிட்டது. டெஸ்டரில் சில கேபிள் பாஸ், சில ஃபெயில், பல கேபிள்கள் விளிம்பில் நின்றன. விளிம்பில் நிற்பதுதான் மோசமானது, ஏனென்றால் இன்றைக்கு வேலை செய்யும், ஹால் சூடானால் நாளைக்குத் தடுமாறும். கடைசியில் போட்ட கேபிளை உருவி எடுத்துவிட்டு அந்தப் பக்கம் இருந்த இரண்டு வரிசை ரேக்குக்கும் ஃபைபர் (வெளிச்சத்தில் தகவல் அனுப்புகிற கண்ணாடி இழைக் கேபிள்) போட்டோம். மூன்று இரவு தூக்கமில்லை. என்னோடு இருந்த பையன்களுக்கு அந்த மூன்று இரவுக்குக் கூடுதல் கூலி வாங்கித்தர நான் இரண்டு மாதம் அலைந்தேன்.

இத்தனைக்கும் காரணம் நேர்கோட்டில் அளந்ததுதான். கேபிள் காகம் மாதிரி பறந்து போவதில்லை, ட்ரே போகிற வழியில்தான் போகும். ட்ரே வழி வரையாமல் கேபிள் நீளம் தெரியாது, நீளம் தெரியாமல் காப்பரா ஃபைபரா என்று முடிவெடுக்க முடியாது, அது தெரியாமல் நெட்வொர்க் ரேக்கை எங்கே வைப்பது என்றும் சொல்ல முடியாது. அதாவது கடைசியில் வருகிற ட்ரேதான் முதலில் எடுத்த முடிவை எல்லாம் தீர்மானிக்கிறது. இதை எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் தலையாட்டுவார்கள், அடுத்த புராஜெக்டில் மறுபடி அதேதான்.

அடுத்தது ட்ரே அகலம். இதில் கணக்கு ரொம்ப எளிது, ஆனாலும் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. 300 மில்லிமீட்டர் அகலம், 100 மில்லிமீட்டர் உயரம் உள்ள ட்ரேயை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது போடுகிற காப்பர் டேட்டா கேபிள் வகையான கேட் 6ஏ கேபிள் ஒன்று சுமார் 7.5 மில்லிமீட்டர் தடிமன். ஆரம்பத்தில் ட்ரே பரப்பில் கால் பங்குதான் நிரப்ப வேண்டும் என்பது அமெரிக்கத் தர விதிகள் சொல்லும் அளவு, அப்படிப் பார்த்தால் சுமார் 170 கேபிள். அதிகபட்சம் பாதி, அதாவது சுமார் 340. பாதி என்றால் இன்னும் பாதி இடம் காலியாக இருக்குமே என்று நினைக்காதீர்கள். உருண்டையான கேபிள்கள் நடுவில் இடைவெளி விட்டுத்தான் படுக்கும், குறுக்கும் நெடுக்கும் போகும், அதனால் கணக்கில் பாதி வந்தாலே கண்ணுக்கு ட்ரே வழிந்து நிற்கும். இப்போது ஒரு வரிசையில் 20 ரேக், ரேக்குக்கு 24 காப்பர் கேபிள் என்று வைத்தால் 480 ஆகிறது. டிராயிங்கில் 300 மில்லிமீட்டர் ட்ரே ஒன்றுதான் இருக்கும்! பழைய கேட் 6 காலத்து டிராயிங்கைத் தூசி தட்டி எடுத்துக் கேட் 6ஏ என்று பெயர் மட்டும் மாற்றிக் கொடுப்பதால் வருகிற வினை இது. கேட் 6 கேபிள் 6 மில்லிமீட்டர் அளவில் இருந்தது, இது அதைவிடத் தடி, எடையும் கூட. 340 கேபிள் போட்டால் மீட்டருக்கு 15 கிலோவைத் தாண்டும், அதைத் தாங்குகிற ராடும் சப்போர்ட்டும் எத்தனை அடிக்கு ஒன்று என்று யாராவது கணக்குப் போட்டிருக்க வேண்டாமா?

கால் பங்கு மட்டும் நிரப்பு என்று ஏன் சொல்கிறார்கள் என்று எங்களிடம் வருகிற புதுப் பையன்கள் கேட்பார்கள், இவ்வளவு இடத்தைச் சும்மா விடுவதா என்று. தரவு மையக் கட்டடம் 15, 20 வருடம் நிற்கும். அதற்குள் சர்வர் நாலைந்து தலைமுறை மாறிவிடும், ஒவ்வொரு தடவையும் புதுக் கேபிள் வரும், பழையதை உருவி எடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. பழையதன் மேலேயே புதியதைப் போடுவார்கள். நாலு வருடம் கழித்துப் பார்த்தால் அடியில் எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று தெரியாத ஒரு குவியல் இருக்கும். தொட்டால் எந்த வாடிக்கையாளரின் இணைப்பு அறுந்துபோகுமோ என்று பயந்து யாரும் தொட மாட்டார்கள். கைவிட்ட கேபிளை எடுத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க மின்விதியில் 2002-லேயே எழுதிவிட்டார்கள், காரணம் தீ. கேபிள் உறை எரிகிற பொருள்தானே. நம் ஊரில் நான் வேலை பார்த்த எந்தச் சைட்டிலும் செத்த கேபிளை எடுப்பதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை.

தீ என்றதும் சொல்ல வேண்டியது இருக்கிறது. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் ஒரு தரவு மையக் கட்டடமே எரிந்துபோனது. 2022 அக்டோபரில் தென்கொரியாவின் பாங்யோவில் ஒரு தரவு மையத்தில் தீப்பிடித்து அந்த நாடே பயன்படுத்துகிற காகாவோ செயலி முடங்கியது. இவை கேபிளால் வந்த தீ என்று நான் சொல்லவில்லை, கொரியாவில் நடந்தது பேட்டரி அறையில் தொடங்கியது. ஆனால் தீ எங்கே தொடங்கினாலும் அது அறை தாண்டி அறை போவதற்குச் சுவரில் நாம் ட்ரேக்காகப் போட்ட ஓட்டை ஒரு வழி. அந்த ஓட்டையைத் தீத்தடுப்புப் பொருள் வைத்து அடைக்க வேண்டும், அடைத்த பிறகு புதுக் கேபிள் போட்டால் திறந்து மறுபடி அடைக்க வேண்டும். இந்த இரண்டாவது தடவை அடைப்பதுதான் நடப்பதே இல்லை. ஃபோமை அடித்துவிட்டு மேலே பெயின்ட் பூசிப் போட்டதைக்கூடப் பார்த்திருக்கிறேன். சாதாரண ஃபோம் தீயைத் தடுக்காது, அதுவே எரியும். கேபிள் உறையும் அப்படித்தான், புகை குறைவாகவும் ஹாலஜன் இல்லாமலும் இருக்கிற வகையைக் கேட்டு வாங்க வேண்டும், பிவிசி எரிந்தால் வருகிற புகை மனிதனை மட்டுமல்ல, சர்வர் போர்டையும் அரிக்கும்.

இன்னொன்று இந்த ‘லோ வோல்டேஜ்’ என்கிற சொல். அமெரிக்க வாடிக்கையாளர் அனுப்புகிற டிராயிங்கில் லோ வோல்டேஜ் என்று இருந்தால் நெட்வொர்க் கேபிள், கேமரா, கதவுப் பூட்டு, சென்சார் என்று அர்த்தம். நம் ஊரில் லோ வோல்டேஜ், அதாவது எல்.டி. (லோ டென்ஷன்) லைன் என்றால் 230, 415 வோல்ட், ஆளைக் கொல்லும். நாங்கள் அவர்கள் சொல்வதை ஈ.எல்.வி. (எக்ஸ்ட்ரா லோ வோல்டேஜ்) என்போம், ஏ.சி.யில் 50 வோல்ட்டுக்குள், டி.சி.யில் 120 வோல்ட்டுக்குள். ஒரு சைட்டில் இந்தக் குழப்பத்தில் எலெக்ட்ரிகல் ஆட்கள் லோ வோல்டேஜ் ட்ரே என்று எழுதியிருந்ததைப் பார்த்து அது தங்களுக்குத்தான் என்று பவர் கேபிளைப் படுக்க வைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பே கிடையாது, அவர்கள் படித்த பாடத்தில் அதுதான் லோ வோல்டேஜ். எங்கள் ஆள் ஒருவர் காலையில் வந்து பார்த்ததால் பிழைத்தோம், இல்லையென்றால் அதே ட்ரேயில் டேட்டா கேபிளையும் போட்டிருப்போம். பவரும் டேட்டாவும் பக்கத்துப் பக்கத்தில் நீளமாக ஓடக் கூடாது, குறுக்கே கடந்தே ஆக வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்க வேண்டும். டிராயிங்கில் வோல்டேஜை எண்ணாகவே எழுதிவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது.

ஈ.எல்.வி. என்பதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் தெரியுமா? கேமராக்காரர் ஒரு கம்பெனி, கதவுக்காரர் ஒரு கம்பெனி, தண்ணீர்க் கசிவு காட்டுகிற கேபிள் போடுபவர், வெப்பநிலை சென்சார் போடுபவர், ஃபயர் அலாரம் போடுபவர், அப்புறம் நாங்கள். எல்லோருக்கும் ட்ரே ஒன்றுதான், அதில் என் இடம் எது என்று யாருக்கும் தெரியாது. முதலில் வந்தவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்கிறான். காப்பர் கனத்தின் அடியில் ஃபைபர் மாட்டிக்கொண்டால் அது நசுங்கும், வளையும், வெளிச்சம் குறையும். அதனால்தான் ஃபைபருக்கு மஞ்சள் பிளாஸ்டிக் டக்ட் தனியாக ஓட்ட வேண்டும் என்கிறோம். செலவு மிச்சம் என்று முதலில் வெட்டுவதும் அந்த மஞ்சள் டக்டைத்தான்.

இப்போது மிக முக்கியமானதற்கு வருகிறேன். இரண்டு வழி. பெரிய தரவு மையங்கள் எல்லாம் ஏ வழி, பி வழி என்று இரண்டு தனி இணைப்பு வைத்திருக்கும், ஒன்று அறுந்தால் மற்றது ஓடும், அதை நம்பித்தான் வங்கிகளும் மருத்துவமனைகளும் அங்கே சர்வர் வைக்கின்றன. சில வருடங்களுக்கு முன் ஒரு சைட்டில் பராமரிப்பு வேலைக்குப் போனேன். கட்டடத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஃபைபர் தனித்தனியாக உள்ளே வருகிறது, அழகாக வரைந்திருக்கிறார்கள். உள்ளே வந்த பிறகு பார்த்தால் இரண்டும் ஒரு தாழ்வாரத்தில் சேர்ந்து ஒரே ட்ரேயில் 30 மீட்டர் போகின்றன. ஏனென்றால் அந்தத் தாழ்வாரத்தில் இரண்டாவது ட்ரேக்கு இடமில்லை, ஏசி டக்ட் எடுத்துக்கொண்டது. அந்த ட்ரேக்கு மேலே குழாய் வேலை பார்த்த ஒருவர் கை தவறி ஒரு இரும்புத் துண்டை விட்டார், ஏவும் போனது, பியும் போனது. நான் கீழேதான் நின்றிருந்தேன். அந்தத் தொழிலாளியைத்தான் எல்லோரும் திட்டினார்கள், அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினார்கள். இரண்டையும் ஒரே ட்ரேயில் போட ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

யோசித்துப் பாருங்கள், 2002-லேயே சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில் கேபிள் போட்டார்கள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் திறந்தார்கள். கடலில் அத்தனை தூரம் இழுத்துவந்து கரையில் ஏற்றி, அம்பத்தூருக்கும் சிறுசேரிக்கும் கொண்டுபோய், கடைசி 30 மீட்டர் தாழ்வாரத்தில் கோட்டை விடுவதா?

ஒரு சின்ன விஷயம், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். ட்ரேயை ஹாலுக்குள் வைத்து அறுக்கக் கூடாது. இரும்புத் தூள் காற்றில் போய் சர்வருக்குள் விழும். மின்முலாம் முறையில் துத்தநாகம் பூசிய தகட்டில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய முடி மாதிரி துத்தநாகமே வளர்ந்து உடைந்து பறந்து ஷார்ட் ஆக்குகிற பிரச்சினையும் உண்டு, ஃபால்ஸ் ஃப்ளோர் (தரைக்கு மேலே தூக்கிப் போடுகிற தளம்) பலகையின் அடிப்பக்கத்தில் இது நிறையப் பதிவாகியிருக்கிறது. அதனால் விலை பார்த்து வாங்காமல் எந்த முலாம் என்று கேட்டு வாங்குங்கள், கடலோரத்தில் துரு வேறு இருக்கிறது. அதேபோல விலை குறைவு என்று அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளைச் சிலர் உள்ளே விடுகிறார்கள். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். இப்போது கேமரா, வைஃபை எல்லாம் டேட்டா கேபிளிலேயே மின்சாரம் எடுக்கின்றன, 2018-ல் வந்த தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 90 வாட் வரை அனுப்பலாம், அந்தக் கேபிளை நூறு நூறாகக் கட்டி ட்ரேயில் திணித்தால் நடுவில் இருப்பது சூடாகாமல் என்ன செய்யும்? 24-க்கு மேல் ஒரு கட்டாகக் கட்டாதீர்கள். பிளாஸ்டிக் டையைப் போட்டு இறுக்காதீர்கள், வெல்க்ரோ போதும், அதுவும் விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாக. படம் எடுக்க அழகாக இருக்க வேண்டும் என்று தலை வாரின மாதிரி கேபிளை ஒன்றோடொன்று ஒட்டி இழுத்து வாரச் சொல்கிற வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், கேட் 6ஏ-யில் அப்படி நெருக்கமாக இணையாக ஓடினால் ஒரு கேபிளின் சிக்னல் பக்கத்துக் கேபிளில் கசியும். ட்ரேக்குள் கொஞ்சம் கலைந்து கிடப்பதே நல்லது.

தமிழ்நாடு அரசு 2021-ல் தரவு மையங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது, வரவேற்கிறேன். என் மாதிரி ஆட்களுக்கு அதனால் வேலை பெருகும். அரசிடமும் கட்டுகிறவர்களிடமும் நான் கேட்பது பெரியது ஒன்றுமில்லை. குளிர்நீர்க் குழாயும் டக்டும் வரைகிற அதே நாளில் ட்ரேயையும் வரையுங்கள், அந்த மேசையில் கேபிள் ஆள் ஒருவரை உட்கார வையுங்கள், இன்ஜினியர் மட்டும் போதாது, ஏணி ஏறினவர் ஒருவரும் வேண்டும். ஏவும் பியும் எங்கேயாவது ஒன்று சேர்கின்றனவா என்று கட்டடம் முழுக்க நடந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிற ஒருவர் இருக்கட்டும். ஐ.டி.ஐ.யில் வயர்மேன், எலெக்ட்ரீஷியன் படிக்கிற பையன்களுக்கும் பெண்களுக்கும் ட்ரே கட்டுவது, ஃபைபர் ஒட்டுவது, டெஸ்டர் அறிக்கை படிப்பது இதையெல்லாம் கையில் கொடுத்துச் சொல்லித்தாருங்கள். இப்போது எங்களிடம் வருகிறவர்கள் வேலை பார்த்துக்கொண்டே, தப்புப் பண்ணித்தான் கற்றுக்கொள்கிறார்கள், நானும் அப்படித்தான் கற்றேன். கேபிளுக்குள் ஜோடி ஜோடியாக முறுக்கியிருக்கும் கம்பிகளை முனை கட்டும்போது பிரிப்பது அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று எனக்குத் தெரியவே இரண்டு வருடம் ஆனது. அதற்குள் எத்தனை முனை கட்டியிருப்பேன், அவற்றில் எத்தனை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றனவோ.

உயரத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சரியான மேடையும் பெல்ட்டும் கொடுங்கள். ட்ரேயின் மேலேயே ஏறி நடக்கச் சொல்லாதீர்கள், அது ஆளைத் தாங்குவதற்குக் கட்டியது இல்லை. ஐந்து வாரத்தில் முடி என்று சொன்னால் இதுதான் முதலில் விட்டுப்போகிறது, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற பிள்ளைகள் முடியாது என்று சொல்ல மாட்டார்கள், ஏறிவிடுவார்கள்.

உங்கள் நிருபர் அடுத்த முறை ஒரு தரவு மையத்துக்குள் போனால், மினுக்குகிற சர்வரைப் பார்த்த பிறகு கொஞ்சம் தலையைத் தூக்கிக் கூரைப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ட்ரே எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது, பி வழி எந்தப் பக்கமாகப் போகிறது என்று கூட வருகிற அதிகாரியிடம் கேட்கச் சொல்லுங்கள். என்ன பதில் வந்தாலும் அப்படியே பிரசுரியுங்கள், நான் வாங்கிப் படிக்கிறேன்.

இப்படிக்கு,
கேபிளிங் மேற்பார்வையாளர்,
அம்பத்தூர், சென்னை